மான்குட்டியும் மார்கழிப் பனியும்

வானத்திலிருந்து பனி கொட்டுவதைக் கண்ணாரக் கண்ட வாசகர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ, நமக்குத் தெரியாது. நாம் கண்டதில்லை. நாம் பிறந்ததும் வளர்ந்ததும் தலை நரைத்ததும் சின்னமனூரில். முல்லையாற்றுப் பாய்ச்சலில் நெல்லும் வாழையும் விளைகிற ஊர் இது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் ஆற்றங்கரைப் பக்கம் போனால் வயல்வெளி முழுவதும் ஒரு முழ உயரத்துக்கு வெண்மையாக ஒன்று படர்ந்து கிடக்கும். எதிர் வரப்பில் நடந்து வருகிறவர் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிவார். கிட்டே வந்த பிறகுதான் அவருக்குக் கால் முளைக்கும். அதைத்தான் நாம் பனி என்கிறோம். எட்டு மணிக்கு வெயில் ஏறினால் அது போன இடம் தெரியாது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் பயமுறுத்துவது வாஸ்தவமே. ஆனாலும் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்துபோகிற பயம் அது.

இப்படிப்பட்ட நாம் பனியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நம் பேத்தி. அவளுக்கு வயது ஆறு. சென்ற ஆவணி மாதத்தில் அவளுடைய தாயார், அதாவது நம் மருமகள், எட்டே நாள் காய்ச்சலில் காலமானாள். மகனுக்கு வெளியூரில் உத்தியோகம். ஆகையால் குழந்தை நம்மிடமும் அவளுடைய அப்பத்தாவிடமும் வளர்கிறாள். இதற்கு மேல் அந்தச் சமாசாரத்தை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.

குழந்தைக்கு என்ன சொல்வது என்று அப்போது வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொன்னார்கள். கடைசியில் நாமே முடிவு செய்து, "அம்மா மேகமலைக்குப் போயிருக்கிறாள்" என்று சொன்னோம். சின்னமனூர்வாசிகளுக்கு மேகமலையைத் தெரியாமல் இராது. தெற்கே எந்தத் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் அது நிற்கும். பாதி நாள் அதன் தலை மேகத்துக்குள் இருக்கும். குழந்தை மலையைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

நான்கு மாதம் கழித்து அந்தச் சாமர்த்தியத்தின் வட்டியைக் கட்ட வேண்டியிருந்தது.

மார்கழி விடுமுறையில் ஒரு நாள் மாலை, குழந்தையோடு உட்கார்ந்து ஒரு பொம்மைப் படம் பார்த்தோம். வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தார் 1942-ம் வருஷம் வெளியிட்ட 'பாம்பி' என்னும் சித்திரப் படம் அது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த பீலிக்ஸ் சால்டன் என்பவர் 1923-ல் புத்தகமாக வெளியிட்ட ஒரு கதையைத் தழுவியது. ஒரு மான்குட்டி பிறக்கிறது, நடக்கப் பழகுகிறது, முயலோடு சிநேகம் கொள்கிறது. பேசுவது ஆங்கிலத்தில். பேத்திக்கு ஆங்கிலம் வராது. ஆகையால் அவ்வப்போது நாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். இரண்டாந்தரக் கதாகாலட்சேபக்காரரைப் போல் நாமும் அங்கங்கே சொந்தச் சரக்கைச் சேர்த்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மழைக்காலமும் இலையுதிர்காலமும் போய்க் குளிர்காலம் வந்தது. திரை முழுவதும் வெண்மை. "இது என்ன தாத்தா?" என்றாள் குழந்தை. "பனி" என்றோம். அந்த ஒரு சொல்லில்தான் பிழை நேர்ந்தது. அது பிறகே விளங்கியது.

அந்தக் கட்டத்தை மறந்துவிட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறோம். குளிர்காலம் முழுவதும் தாய் மானும் குட்டியும் தின்ன ஒன்றுமில்லாமல் மரப்பட்டையைக் கடித்துக் காலம் தள்ளுகின்றன. கடைசியில் ஒரு நாள் வெண்மைக்கு நடுவில் பச்சையாகப் புதுப்புல் தலைகாட்டுகிறது. இரண்டும் வெளியே வந்து ஆசையாக மேய்கின்றன. தாய் திடீரென்று தலையை நிமிர்த்துகிறது. பிறகு ஓட்டம். குட்டி முன்னே, தாய் பின்னே. திரும்பிப் பாராமல் ஓடு என்கிறது தாய். வேட்டுச் சத்தம் கேட்கிறது. குட்டி புதரை வந்தடைந்து, தப்பித்துவிட்டோம் என்று மகிழ்ந்து திரும்பிப் பார்க்கிறது. பின்னால் யாருமில்லை. அப்போதுதான் பனி கொட்ட ஆரம்பிக்கிறது. அம்மா, அம்மா என்று கூவிக்கொண்டு குட்டி நடக்க நடக்கப் பனி அடர்ந்துகொண்டே போகிறது. மரங்கள் மங்குகின்றன. கடைசியில் கொம்புகளோடு கம்பீரமாக ஒரு பெரிய மான் எதிரே நிற்கிறது. அதுதான் தகப்பன். இனிமேல் தாய் கூட இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு அது நடக்கிறது. குட்டி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அதன் பின்னே போகிறது. அவ்வளவே.

நம் தொண்டை அடைத்துக்கொண்டது. குழந்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சமையலறை வாசலில் வந்து நின்ற நம் வீட்டு அம்மாள், "இந்தப் படம்தானா உங்களுக்குக் கிடைத்தது?" என்கிற பார்வையோடு உள்ளே போய்விட்டாள்.

குழந்தை அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெயில் வந்தால் பனி போய்விடும் அல்லவா, தாத்தா?" என்றாள்.

"போய்விடும்" என்றோம்.

"அப்போது அதன் அம்மா தெரிந்துவிடும்" என்றாள்.

நாம் ஒன்றும் பேசவில்லை.

"மேகமலையில் பனி எப்போது போகும்?" என்று கேட்டாள்.

அன்று இரவு நாம் உறங்கவில்லை. குழந்தை கேட்டதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லையே! அவள் அறிந்த பனி, வரப்பில் வருகிற ஆளின் காலை மறைத்து வைத்திருந்து பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிற பனி. நம் பாஷையும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. துன்பம் தீர்ந்தால் 'சூரியனைக் கண்ட பனிபோல்' மறைந்தது என்கிறோம். தமிழில் பனி என்பது போகிற பொருள். நிற்கிற பொருள் அல்ல. வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்த நம் முன்னோர் அதில் இரண்டைப் பனிக்கே கொடுத்தார்கள்: முன்பனி, பின்பனி. ஆனால் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான், வயலை மூடும் புகைபோன்ற படலமும் பனிதான், இமயத்தின்மேல் வருஷக்கணக்காக இறுகிக் கிடப்பதும் பனிதான். கண்ணில் துளிர்க்கும் நீரையும் நடுக்கத்தையும்கூடப் பழைய புலவர்கள் இந்தச் சொல்லாலேயே சொன்னார்கள். இத்தனை வேலையையும் ஒரே சொல்லின் தலையில் கட்டினால் அது என்ன செய்யும்? திரையில் கொட்டியது மூன்றாவது வகை. குழந்தை புரிந்துகொண்டது இரண்டாவது வகை. நடுவில் நின்று மொழிபெயர்த்த பெருமை நம்முடையது.

உறக்கம் வராத இராத்திரிகளில் மனம் ஊர் சுற்றும். குளிர்நாட்டார் தங்கள் சித்திரப் படங்களில் சாவு வரும்போதெல்லாம் ஏன் பனியைக் கூட்டிவருகிறார்கள் என்று யோசிக்கலானோம். யோசிக்க யோசிக்க உதாரணங்கள் வந்துகொண்டே இருந்தன. டிஸ்னியின் முதல் முழுநீளச் சித்திரம் 1937-ம் வருஷத்து 'ஸ்நோ ஒயிட்'. அந்தப் பெண்ணின் பெயரே பனியைப் போல் வெண்ணிறத்தாள் என்பது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த மூலக் கதையில், ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கும் ராணியின் விரலில் ஊசி குத்தி மூன்று துளி ரத்தம் பனியின்மேல் விழுகிறது. அதைக் கண்டு அவள் ஆசைப்பட்டுப் பெற்ற குழந்தை அது. பெற்றவள் பிழைக்கவில்லை. படத்திலும் அந்தப் பெண் விஷக்கனி தின்று விழுந்த பிற்பாடு இலைகள் உதிர்கின்றன, கிளையில் பனி படிகிறது, பிறகு பூ மலர்கிறது. டென்மார்க்கின் ஹான்ஸ் ஆண்டர்சன் 1845-ல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதையை 2006-ல் ஒரு குறும்படமாகச் செய்தார்கள். அதில் குழந்தை பனியிலேயே விறைத்துப் போகிறது. அதே ஆண்டர்சனின் பனி ராணியிலிருந்து கிளைத்த 'ப்ரோஸன்' படத்தை (2013) அறியாத குழந்தை இன்று நம் கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது. பனிக்கட்டியே எப்போதாவது சர்பத்துக் கடையில் பார்க்கிற பொருளாக இருந்த ஊரில், இன்று தலையணை உறையில் பனி ராணி சிரிக்கிறாள். அதன் இரண்டாம் பாகத்துக்கு 2019-ல் நம் ஸ்ருதி ஹாசன் தமிழில் குரல் கொடுத்தார். முதல் பாகத்தில் தங்கையானவள் உடம்பெல்லாம் பனிக்கட்டியாகி உயிர்விட்டு, அன்பினால் உருகி உயிர்க்கிறாள். இது நம் பேத்தியின் கட்சிக்குச் சாதகமான கதை என்பதையும் கவனிக்க வேண்டும்.

குளிர்நாட்டில் பனி வந்தால் மண் மூடிக்கொள்கிறது, தின்ன ஒன்றும் கிடைக்காது, கிழவர்களும் குழந்தைகளும் மாள்கிறார்கள். ஆகையால் பனி சாவுக்கு அடையாளமாயிற்று என்று பண்டிதர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த மான்குட்டியின் படத்தை நினைத்துப் பாருங்கள். தாய் மான் பனியினால் சாகவில்லை. பனிக்காலம் முழுவதையும் அது தாண்டிவிட்டது. பச்சைப் புல்லைக் கண்டு வெளியே வந்தபோதுதான் குண்டு பட்டது. கொன்றது துப்பாக்கி. பனி வந்தது பின்னால். நம் ஊரில் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவந்து போர்த்துவார்களே, அந்த மாதிரி, உடலைக் காட்டாமல் போர்த்திவிட்டுப் போவதற்காக வந்தது. தாய் விழுந்ததைப் படத்தில் ஓரிடத்திலும் காட்டவில்லை என்பதை இரண்டாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தோம். பனியைத்தான் காட்டுகிறார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. மற்றப் படங்களில் நடிகர்கள் இருக்கிறார்கள். பனி அவர்கள் மேல் விழுகிறது. சித்திரப் படத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைத் தாளில் ஒருவர் இழுத்த கோடுகள். அங்கே பனி கொட்டுகிறது என்றால், கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து தாள் மறுபடி வெறுமையாகிறது என்று அர்த்தம். எழுதுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படி. ஜப்பானியரான இசாவோ தகஹாதா 2013-ல் செய்த இளவரசி காகுயாவின் கதையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்தப் பெண் மாளிகையை விட்டு ஓடும்போது சித்திரமே கரிக்கோடுகளாகக் கிழிந்து போகிறது. கடைசியில் வெண்பனியில் அவள் விழுகிறாள். அது பனியா, வரையாமல் விட்ட தாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நம் சிறுபிராயத்தில் தோற்பாவைக் கூத்துக்காரர்கள் ஊருக்கு வருவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்திருக்கிற வரையில் ராவணன் வண்ணமும் வடிவுமாக இருப்பான். திரையை விட்டு விளக்கின் பக்கம் இழுத்தால் நிழல் பெருத்து, வெளிறி, ஓரம் கலைந்து, ஒன்றுமில்லாமல் போகும். பனி என்ற பேச்சே இல்லாத கலையில்கூட முடிவு வெண்மையில்தான் இருந்தது.

அந்தப் படத்தின் காடுகளுக்கும் மூட்டத்துக்கும் கண்ணாக இருந்தவர் டைரஸ் வாங் என்னும் சீன ஓவியர். 1910-ல் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனாரோடு கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தார். தாயும் சகோதரியும் சீனாவில் தங்கிவிட்டார்கள். அவர்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. கரையேறிய பிள்ளையைத் தகப்பனிடமிருந்து பிரித்துச் சில வாரம் தனியே காவலில் வைத்திருந்தார்கள். பிற்பாடு அந்தத் தகப்பனார் பிள்ளைக்கு எழுத்தோவியம் கற்பித்தார். மையும் நல்ல தாளும் வாங்கப் பணமில்லை. பழைய செய்தித்தாளில் தண்ணீரைத் தொட்டு எழுதச் சொன்னாராம். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து உலர்ந்து மறைந்திருக்கும்! டிஸ்னி நிறுவனத்தில் அவர் மூன்று வருஷம்தான் இருந்தார். 1941-ல் நடந்த வேலைநிறுத்தத்தை ஒட்டி அவரை நீக்கிவிட்டார்கள். இலைக்கு இலை, கிளைக்குக் கிளை என்று காட்டை வரைந்துகொண்டிருந்தவர்களிடம், பழைய சீன ஓவியங்களின் வழியில், பெரும்பகுதியை மூட்டத்தில் விட்டுவிடலாம் என்று காட்டியவர் அவர். 2016-ல் தமது 106-வது வயதில் காலமானார். தாய் காணாமற் போகிற அந்த மூட்டத்தின் சாயலைத் தீட்டிக் காட்டியவர் தாயைக் காணாமல் வளர்ந்த பிள்ளை என்பதை அறிந்தபோது, அந்தக் காட்சி ஏன் பொய்யாகத் தோன்றவில்லை என்பது நமக்கு விளங்கிற்று.

இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். ரேமண்ட் பிரிக்ஸ் என்று பெயர். 1978-ல் அவர் வெளியிட்ட படக் கதை ஒன்று, பனியால் செய்த பொம்மை மனிதனைப் பற்றியது. 1982-ல் அதைச் சித்திரப் படமாக்கினார்கள். பேச்சே கிடையாது. பையன் ஒருவன் பனியைத் திரட்டி ஆள் செய்கிறான். இரவில் அதற்கு உயிர் வருகிறது. இருவரும் ஆகாயத்தில் பறந்து போய்வருகிறார்கள். காலையில் ஓடிவந்து பார்த்தால் தொப்பியும் கழுத்துத் துணியும் மட்டும் கிடக்கின்றன. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் வந்தால் அந்நாட்டுக் குழந்தைகளுக்கு இதைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்றால் அந்த நாட்டுப் பெற்றோரின் நெஞ்சழுத்தத்தை என்னவென்பது! பிரிக்ஸின் தாயும் தந்தையும் 1971-ல் இறந்தார்கள். மனைவி 1973-ல். சந்தோஷமான முடிவு வைக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, இருப்பவை எல்லாம் போகத்தான் போகும், அதைத்தான் எழுதினேன் என்கிற கருத்தில் அவர் பதில் சொல்லியிருக்கிறார். அங்கே வெயில் வந்தது, பனி போயிற்று, கூடவே சிநேகிதனும் போனான். நம் பேத்தி இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பாள்.

இது நிற்க. நம் நாட்டில் பனிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. பாண்டவர்கள் ராஜ்யத்தைத் துறந்து வடக்கே நடந்தார்கள். திரௌபதி முதலில் விழுந்தாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன். பாரதத்தில் பார்த்தால் அவர்கள் இமயத்தையும் ஒரு மணற்கடலையும் தாண்டி மேருவை நோக்கி நடக்கையில்தான் விழுகிறார்கள். ஆனால் நாம் பார்த்த படங்களில் எல்லாம் பனியில்தான் விழுந்து கிடப்பார்கள். மணலில் விழுந்தால் நமக்குத் திருப்தி ஏற்படுவதில்லை போலும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து ஏறிய மலை அந்தப் பனிமலை. அப்பர் சுவாமிகள் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து புரண்டுபோனது அதை நோக்கித்தான். யாராவது இறந்தால் கைலாசப் பிராப்தி அடைந்தார் என்று நாம் அச்சடித்து அனுப்புகிறோம். குளிர்நாட்டாரின் பனி வந்து மூடுகிறது. நம்முடைய பனியை நோக்கி மனிதன் ஏறிப் போகிறான். நமக்குச் சாவு என்பதே ஒரு போக்குத்தான்: போய்ச் சேர்ந்தார், சிவலோகம் போனார், சாமியிடம் போனார். இவ்வளவு வினைச்சொல்லும் பாஷையில் தயாராகக் கிடக்க, 'மேகமலைக்குப் போயிருக்கிறாள்' என்ற பொய் நம் வாயில் தானாக வந்ததில் ஆச்சரியமென்ன?

அதிலும் நம் பள்ளத்தாக்கில் இது பழைய வழக்கம். மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்து, மலை ஏறி, வேங்கை மரத்தடியில் நின்று, பதினான்காம் நாள் வானூர்தியில் போனாள் என்பது சிலப்பதிகாரம். மலைமக்கள் பார்த்திருக்கப் போனாள். செத்தாள் என்று அவர்கள் சொல்லவில்லை. சேரன் செங்குட்டுவன் அவளுக்குச் சிலை எடுக்க இமயத்துக்குப் படையெடுத்து, கல் எடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தான். காப்பியம் வஞ்சியைச் சொல்கிறது. நம் பக்கத்தாரோ கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் மங்கலதேவி கோட்டமே அது என்கிறார்கள். சித்திரா பௌர்ணமியன்று ஒரு நாள் மட்டும் அங்கே போக அனுமதி உண்டு. பளியன்குடி வழியாக ஏறுகிற கூட்டத்தில் இளவயதில் நாமும் போயிருக்கிறோம். பக்கத்தாரின் பேச்சு மெய்யானால், இமயத்துப் பனியில் கிடந்த கல் ஒன்று, இறந்துபோன ஒரு பெண்ணின் பொருட்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே வந்து நிற்கிறது. அதற்கு மேல் நமக்கும் வெண்பனிக்கும் சம்பந்தம் இல்லை.

வெண்மையும் நமக்குச் சாவின் நிறம் அல்ல. நம் மருமகளைக் கூறைப் புடவை கட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவுமாக அனுப்பினார்கள். குழந்தை கதவோரம் நின்று பார்த்தாள். அன்று வீட்டில் வெண்மையாக இருந்தது பந்தலில் கட்டிய ஒரு துணி மட்டுமே. அம்மா எதற்கோ அலங்காரம் செய்துகொண்டு கிளம்புகிறாள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். மலைக்குப் போனாள் என்று நாம் சொன்னது அதற்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

தை பிறந்தது. குழந்தை கேட்பதை விடவில்லை. பொங்கல் கழித்து ஒரு நாள் காலையில், மலைக்குப் போகும் பேருந்தில் அவளை அழைத்துக்கொண்டு ஏறினோம். வேண்டாம் என்றாள் நம் வீட்டு அம்மாள். ஆனாலும் கம்பளிச் சட்டையும் குல்லாவும் எடுத்துக் கொடுத்தவள் அவளே. தென்பழனிச் சாவடியைத் தாண்டினால் காடு. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஏழெட்டு வளைவு வரையில் வெயில் அடித்தது. கீழே வயல்கள் பாய் விரித்த மாதிரி கிடந்தன. பிறகு வண்டி மூட்டத்துக்குள் நுழைந்தது. ஓட்டுநர் விளக்கைப் போட்டார். குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹைவேவிஸ் பக்கத்தில் இறங்கினோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைச் செடியிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். கடைக்காரர், மலைக்கு அந்தப் பக்கம் மூணாற்றில் இரவில் உறைபனி விழுந்து தேயிலை கருகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பனியினால் செடி கருகுவது உண்டு. நெருப்புப் பட்டதுபோலச் செம்பழுப்பாகிவிடும். "பனி சுடுமா தாத்தா?" என்று குழந்தை கேட்டாள். "சில பனி சுடும்" என்றோம். அவள் அதை மனத்தில் வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

ஒன்பதரை மணி சுமாருக்கு மூட்டம் விலகலாயிற்று. முதலில் சில்வர் ஓக் மரங்களின் அடிப்பாகம் தெரிந்தது. பிறகு வரிசை வரிசையாகத் தேயிலை. பிறகு கீழே அணைத் தண்ணீர், எதிர்க்கரை, அதற்கு அப்பால் காடு. வெயில் பளிச்சென்று அடித்தது. கூடையோடு சில பெண்கள் எதிர்ச் சரிவில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குழந்தை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நம் விரலைப் பிடித்திருந்த கை இறுகிற்று, பிறகு தளர்ந்தது.

"இங்கே இல்லை" என்றாள்.

"இல்லையம்மா" என்றோம். மற்றதையும் அங்கேயே சொல்லிவிட்டோம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, மருந்துக்குக் கேட்கவில்லை, இறந்துபோனாள். எந்த மலையிலும் இல்லை. எந்த வெயிலுக்கும் வரமாட்டாள். தாத்தா பொய் சொன்னேன், தப்பு. நாம் பேசுகிற பேச்சில் பாதி விழுங்கிப் போயிற்று. குழந்தை அழுதாள். நாமும் அழுதோம். தேநீர்க் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினார். திரும்பி வருகையில் மூன்றாவது வளைவிலேயே மடியில் தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மான்குட்டிப் படத்தை அவள் நான்கைந்து தடவை பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று தடுத்ததற்குக் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுச் சிறுவனையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தாள். அவன் அவளைவிடச் சின்னவன். பனி கொட்டுகிற கட்டம் வந்தது. அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "அம்மா எங்கே?" என்றான்.

"செத்துப் போச்சு. பனி போனாலும் வராது" என்றாள் நம் பேத்தி. பிறகு அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "பேசாமல் பாரு, இப்போது குருவியெல்லாம் வரும்" என்றாள்.